கணிப்பொறி கை குலுக்குமா?

எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி



வெப்சைட் முகவரியைப் பாருங்கள். முன்னாடி எச்.டி.டி.பி. என்று இருக்கும். சிலவற்றில் அதற்குப் பின்னால் எஸ் என்று இன்னொரு எழுத்தும் சேர்ந்திருக்கும். அந்த ஒரு எழுத்து வருவதற்காக, நாம் எண்டர் தட்டியதும் கண் மூடித் திறப்பதற்குள் நம் கம்ப்யூட்டருக்கும் தூரத்தில் இருக்கும் சர்வருக்கும் நடுவில் ஒரு பெரிய பேச்சுவார்த்தையே நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பெயர் ஹேண்ட்ஷேக். தமிழில் சொன்னால் கை குலுக்கல். கம்ப்யூட்டருக்குக் கை ஏது என்று கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள்.

முதலில் அந்த எஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்து கடைசி பெஞ்சுக்குத் துண்டுச்சீட்டு அனுப்புகிறோம். நடுவில் நாலு பெஞ்ச். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒருத்தர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அடுத்த பெஞ்சுக்குக் கொடுப்பார். சிலர் அதில் இரண்டு வார்த்தை சேர்த்தும் எழுதிவிடுவார்கள். இணையமும் அப்படித்தான். நாம் அனுப்பும் தகவல் நேராக சர்வருக்குப் போய்விடாது. வைஃபை பெட்டி, இணைப்பு கொடுக்கும் கம்பெனியின் கருவிகள், அப்புறம் வழியில் உள்ள வேறு பல கருவிகள் எல்லாவற்றையும் தாண்டித்தான் போகும். எஸ் இல்லாத பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டால் அது திறந்த துண்டுச்சீட்டு. உதவித்தொகை விண்ணப்பத்தில் நாம் எழுதும் ஆதார் எண், அம்மாவின் வங்கிக் கணக்கு எண், எல்லாமே அப்படித்தான் போகும்.

சரி, சீட்டைப் புரியாத எழுத்தில் எழுதி அனுப்பலாமே? அனுப்பலாம். 'அ' என்றால் 'இ', 'க' என்றால் 'ச' என்று நாமே ஒரு ரகசிய மொழி வைத்துக்கொள்வோம் இல்லையா, அது மாதிரி. ஆனால் அந்த ரகசிய மொழியின் சாவியைக் கடைசி பெஞ்ச் தோழிக்கு எப்படிச் சொல்வது? இன்டர்வெல்லில் காதில் சொல்லலாம். சர்வருக்கு அப்படிச் சொல்ல முடியாது. அது எந்த ஊரில் இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. முன்பின் பார்த்ததே இல்லை. சாவியையும் அதே துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினால் நடு பெஞ்சுக்காரர் சாவியையும் படித்துவிடுவார். அப்புறம் பூட்டு எதற்கு?

இந்தச் சிக்கலுக்கு ரொம்ப காலம் விடையே இல்லாமல் இருந்தது. ராஜாக்கள் காலத்தில் இருந்து உலகப் போர் வரைக்கும் சாவியை ஆள் மூலமாகத்தான் கொடுத்து அனுப்பினார்கள். 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விட்பீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் ஒரு வழியை வெளியிட்டார்கள். எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகப் பேசியே, இரண்டு பேர் மட்டும் அறிந்த ஒரு ரகசிய எண்ணுக்கு வந்து சேர முடியும் என்று காட்டினார்கள். (இங்கிலாந்தில் அரசாங்கத்தின் ரகசிய அலுவலகம் ஒன்றில் சிலர் இதை அதற்கும் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வெளியே சொல்லக் கூடாது என்பதால் 1997 வரை உலகத்துக்குத் தெரியாது. பாவம் அவர்கள்.)

எப்படி என்று கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நம் கணக்குப் பாடத்தில் வரும் அடுக்குக்குறி விதியும், வகுத்தால் வரும் மீதியும் தெரிந்தால் போதும்.

கயல், முல்லை என்று இரண்டு பேர். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். ஒன்று 19, இது பகா எண். இன்னொன்று 2.

கயல் மனசுக்குள் 5 என்று நினைத்துக்கொள்கிறாள். யாரிடமும் சொல்ல மாட்டாள். 2-இன் அடுக்கு 5 என்பது 32. அதை 19-ஆல் வகுத்தால் மீதி 13. இந்த 13-ஐ மட்டும் சத்தமாகச் சொல்கிறாள்.

முல்லை மனசுக்குள் நினைத்தது 3. 2-இன் அடுக்கு 3 என்பது 8. 19-ஐ விடச் சின்னது, அதனால் மீதியும் 8 தான். அவள் 8 என்று சத்தமாகச் சொல்கிறாள்.

இப்போது கயல், முல்லை சொன்ன 8-ஐ எடுத்துத் தன் ரகசியமான 5-ஐ அடுக்காகப் போடுகிறாள். 32768 வரும். 19-ஆல் வகுத்தால் மீதி 12. முல்லை, கயல் சொன்ன 13-ஐ எடுத்துத் தன் ரகசியமான 3-ஐ அடுக்காகப் போடுகிறாள். 2197 வரும். 19-ஆல் வகுத்தால் மீதி 12!

இரண்டு பேருக்கும் 12. அந்த 12-ஐ யாருமே வாய் திறந்து சொல்லவில்லை. நான் நோட்டில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. காரணம் சுலபம். 2-இன் அடுக்கு 5, அதற்கு அடுக்கு 3 என்றாலும், 2-இன் அடுக்கு 3, அதற்கு அடுக்கு 5 என்றாலும், இரண்டுமே 2-இன் அடுக்கு 15 தான். வகுப்பில் "இந்த விதி எல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஒட்டுக் கேட்டவருக்குத் தெரிந்தது 19, 2, 13, 8 மட்டும். அதில் இருந்து 5 என்ற ரகசியத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு அடுக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவு சின்ன எண்ணாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடலாம். ஆனால் நிஜத்தில் பயன்படுத்தும் பகா எண் 600 இலக்கத்துக்கும் மேல். அதை இந்தச் சார்ட்டில் எழுதினாலே பாதிப் பக்கம் போயிடும். அதில் முன்பக்கமாகக் கணக்குப் போடுவது கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி வேலை கூட இல்லை. பின்பக்கமாக வருவதற்கு உலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் சேர்த்தாலும் நடக்காது. இப்போது பெரும்பாலும் இதே யோசனையை, சாதாரண எண்ணுக்குப் பதில் ஒரு வளைகோட்டின் மேல் உள்ள புள்ளிகளை வைத்துச் செய்கிறார்கள். எண் சின்னதாக இருந்தாலே அதே பலம் கிடைத்துவிடுகிறது.

இனி நம் பிரவுசர் என்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம். பிரவுசர் மட்டும் இல்லை, போனில் உள்ள ஆப், மெயில் படிக்கும் புரோகிராம், யாராக இருந்தாலும் முதலில் பேசத் தொடங்குபவருக்குப் பெயர் கிளையன்ட். பதில் சொல்பவர் சர்வர்.

நாம் வெப்சைட் பெயரைத் தட்டியதும் கிளையன்ட் முதலில் அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பிறகு அந்த சர்வரின் 443-ஆம் எண் கதவைத் தட்டும். (பூட்டு இல்லாத பழைய கதவுக்கு எண் 80.) கதவு திறந்ததும் கிளையன்ட் சொல்லும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஹலோ". உண்மையாகவே அதன் பெயர் கிளையன்ட் ஹலோ தான்!

அந்த ஹலோவில் பல விஷயம் இருக்கும். எனக்கு இந்தந்தப் பதிப்பு பேசத் தெரியும், இந்தந்தப் பூட்டு முறைகள் தெரியும், நான் தேடி வந்த வெப்சைட்டின் பெயர் இது, இதோ 32 பைட் அளவுக்கு ஒரு குலுக்கல் எண், இதோ என்னுடைய "13". (கயல் சத்தமாகச் சொன்னாளே, அது.) குலுக்கல் எண் ஏன் என்றால், நேற்று நடந்த பேச்சை யாராவது பதிவு செய்து வைத்து இன்றைக்கு அப்படியே திருப்பிப் போட்டு ஏமாற்றக் கூடாது என்பதற்காக.

சர்வர் பதிலுக்கு "ஹலோ" சொல்லி, நீ சொன்ன பட்டியலில் இந்த முறையை எடுத்துக்கொள்வோம், இதோ என் குலுக்கல் எண், இதோ என்னுடைய "8" என்று அனுப்பும். அவ்வளவுதான். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் கணக்குப் போட்டு அந்த "12"-க்கு வந்துவிடுவார்கள். அதில் இருந்து சாவி செய்துகொள்வார்கள். இதற்குப் பிறகு வருவது எல்லாமே பூட்டித்தான் வரும்.

இங்கேதான் நான் நிறைய யோசித்தேன். எதிரில் பேசுவது நிஜ சர்வர்தான் என்று எப்படித் தெரியும்? கயலுக்கும் முல்லைக்கும் நடுவில் ஒரு கள்ளி உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். கயலிடம் "நான்தான் முல்லை" என்று சொல்லி ஒரு சாவி, முல்லையிடம் "நான்தான் கயல்" என்று சொல்லி இன்னொரு சாவி. இருவரும் பூட்டித்தான் பேசுகிறார்கள், ஆனால் எல்லாம் கள்ளி வழியாகப் போகிறது. டிஃபியும் ஹெல்மனும் சொன்ன கணக்கு மட்டும் இருந்தால் இதைத் தடுக்க முடியாது.

அதனால் சர்வர் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். நம் சாதிச் சான்றிதழ் மாதிரி. வி.ஏ.ஓ. பார்த்து, ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் கையெழுத்து வந்தால்தான் பள்ளியில் ஏற்றுக்கொள்கிறார்கள். நாமே வெள்ளைத் தாளில் எழுதிக் கொண்டுபோனால் ஒத்துக்கொள்வார்களா? சர்வர் சான்றிதழும் அப்படி ஒரு சங்கிலி. இந்தப் பெயருள்ள வெப்சைட்டுக்கு உரிய பொதுச்சாவி இதுதான் என்று ஒரு நிறுவனம் கையெழுத்துப் போட்டிருக்கும். அந்த நிறுவனத்துக்கு அதன் மேல் உள்ள நிறுவனம் கையெழுத்துப் போட்டிருக்கும். கடைசியில் உள்ளதை வேர்ச் சான்றிதழ் என்று சொல்லலாம். அப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட வேர்கள் நம் பிரவுசரிலோ போனிலோ முன்பே போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும்.

கிளையன்ட் பார்ப்பது: சான்றிதழில் உள்ள பெயரும் நாம் தட்டிய பெயரும் ஒன்றா? இன்றைய தேதி அதன் காலத்துக்குள் இருக்கிறதா? கையெழுத்துச் சங்கிலி நமக்குத் தெரிந்த வேரில் போய் முடிகிறதா? இதில் ஒன்று தப்பினாலும் சிவப்பு எச்சரிக்கை.

"சான்றிதழை யார் வேண்டுமானாலும் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டலாமே?" என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. சான்றிதழ் ரகசியம் இல்லைதான், கேட்டவருக்கெல்லாம் சர்வர் காட்டும். ஆனால் அதற்கு ஜோடியான தனிச்சாவி சர்வரிடம் மட்டும்தான் இருக்கும். இதுவரை இந்தக் கை குலுக்கலில் பேசிய அத்தனைக்கும் சேர்த்து, அந்தத் தனிச்சாவியால் சர்வர் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பும். ஜெராக்ஸ் வைத்திருப்பவரால் நம் கண் முன்னே அதே கையெழுத்தைப் போட முடியாது இல்லையா? கள்ளி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கடைசியாக இருவரும் "முடிந்தது" என்று ஒரு செய்தி அனுப்புவார்கள். அதில், முதல் ஹலோவில் இருந்து பேசிய எல்லாவற்றின் சுருக்கக் கணக்கும் இருக்கும். வழியில் யாராவது ஒரே ஒரு எழுத்தை மாற்றியிருந்தாலும் கணக்கு பொருந்தாது, இணைப்பு அறுந்துவிடும். பொருந்தினால்தான் நம் பாஸ்வேர்டு வெளியே கிளம்பும்.

இந்த முறையை முதலில் கொண்டுவந்தது நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனி. 1995-இல் எஸ்.எஸ்.எல். என்ற பெயரில் வெளிவந்தது. 1999-இல் பெயர் டி.எல்.எஸ். என்று மாறியது. 2018-இல் வந்தது டி.எல்.எஸ். 1.3. மேலே நான் சொன்னது அதன் முறைதான். அதற்கு முந்தையதில் இரண்டு தடவை போய்வர வேண்டும், இதில் ஒரே தடவை.

தேதியைப் பற்றித் தனியாக ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். நம் லேபில் ஓரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் சிவப்பு எச்சரிக்கைதான் வரும். எல்லோரும் வைரஸ், வைரஸ் என்று அதைத் தொடுவதே இல்லை. அதன் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள், 2009 என்று காட்டும். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் மாதிரி சின்ன பேட்டரி ஒன்று உண்டு. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துப் போச்சு. அதனால் ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கம்ப்யூட்டர் பழைய காலத்துக்குப் போய்விடுகிறது. இந்த வருஷம் கொடுத்த சான்றிதழை அது 2009-இல் இருந்து பார்த்தால், "இது இன்னும் பிறக்கவே இல்லையே!" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும்? தேதியைச் சரி செய்து பார்த்தோம், எல்லாப் பக்கமும் திறந்தது. மறுநாள் மறுபடியும் 2009. பேட்டரிக்கு ரொம்பச் செலவு ஆகாது. ஆசிரியர்கள் மனசு வைக்க வேண்டும்.

ஆனால் எல்லா எச்சரிக்கையும் பேட்டரி எச்சரிக்கை இல்லை. போன வருஷம் சித்தியோடு ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். சித்தி குழுப் பணம் வந்ததா என்று வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சிவப்புப் பக்கம் வந்தது. கடை அண்ணன் படிக்கக்கூட இல்லை, டக் டக்கென்று இரண்டு இடத்தில் அழுத்தி உள்ளே போய், "இது எப்பவும் வரும்க்கா, நீங்க பாஸ்வேர்டைப் போடுங்க" என்றார். மூலையில் தேதி சரியாகத்தான் இருந்தது. நான் சித்தி கையைப் பிடித்து, "வேணாம் சித்தி, நேரா பேங்க்குக்கே போய் பாஸ்புக்ல என்ட்ரி போட்டுக்கலாம்" என்றேன். அண்ணனுக்குக் கோபம். சித்திக்கும் இருபது ரூபாய் போச்சே என்று வருத்தம்தான். ஆனால் அது பன்னிரண்டு பெண்களின் பணம். இவ்வளவு நேரம் சொன்ன கை குலுக்கல் முழுவதும் எதற்காக நடக்கிறதோ, அதை அந்த இரண்டு அழுத்தல் ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிடும்.

சான்றிதழ் கொடுக்கும் இடத்திலேயே திருட்டு நடந்தால்? நடந்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் யாரோ புகுந்து 500-க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கிவிட்டார்கள். கூகுள் பெயரிலேயே ஒன்று. அதை வைத்து ஈரான் நாட்டில் ஏராளமானவர்களின் மெயிலை ஒட்டுக் கேட்டார்கள். பிரவுசர்கள் எல்லாம் அந்த நிறுவனத்தைத் தங்கள் பட்டியலில் இருந்து நீக்கின. அதே செப்டம்பரில் அந்த நிறுவனம் திவாலாகிவிட்டது. நம் நாட்டிலும் 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் வழியாக கூகுள் பெயருக்குச் சில தவறான சான்றிதழ்கள் வெளியாகி, பிறகு ரத்து செய்யப்பட்டன.

கிளையன்ட் புரோகிராம் எழுதுபவர்கள் தவறு செய்வதும் உண்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனியின் போன்களில் ஒரு குறை வெளியே வந்தது. புரோகிராமில் ஒரே ஒரு வரியைக் கைதவறி இரண்டு தடவை எழுதிவிட்டார்கள். அந்த இரண்டாவது வரி, சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் இடத்தையே தாண்டிக் குதிக்க வைத்தது. கை குலுக்கல் நடக்கும், எல்லாம் சரி மாதிரி இருக்கும். ஆனால் எதிரில் இருப்பது யார் என்று பார்க்கவே பார்க்காது! நாம் பரீட்சையில் ஒரு வரியை இரண்டு தடவை எழுதினால் அரை மார்க் போகும். அங்கே எத்தனை பேர் ரகசியம் போயிருக்கும்.

இன்னொன்று. பூட்டுப் படத்தைப் பார்த்ததும் "நல்ல வெப்சைட்" என்று நினைத்துவிடக் கூடாது. 2015-இல் இருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகவே கொடுக்கிறது. அது நல்ல காரியம், காசு இல்லாதவர்களும் பூட்டு போடலாம். ஆனால் ஏமாற்றுக்காரரும் வாங்கலாம். வங்கியின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி வெப்சைட் திறந்தால், அந்த மாற்றிய பெயருக்குச் சான்றிதழ் ஒழுங்காகக் கிடைக்கும். கை குலுக்கலும் ஒழுங்காக நடக்கும். திருடனோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான்! இதனால்தான் குரோம் பிரவுசர் 2023 செப்டம்பரில் முகவரிப் பெட்டியில் இருந்த பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. பெயரை எழுத்து எழுத்தாகப் படிப்பது நம் வேலை.

எல்லாமே மறைந்துவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. எந்த சர்வரோடு பேசுகிறோம், எவ்வளவு நேரம், எவ்வளவு அளவு என்பது வழியில் உள்ளவர்களுக்குத் தெரியும். முதல் ஹலோவில் வெப்சைட் பெயர் பெரும்பாலும் திறந்தபடிதான் போகிறது. துண்டுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, யாருக்குப் போகிறது என்று தெரியும்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு புதிர். இப்போது நீங்கள்தான் ஒட்டுக் கேட்கும் நடு பெஞ்சுக்காரர். கரும்பலகையில் உள்ள எண்கள் 17, 3. கயல் சத்தமாகச் சொன்னது 11. முல்லை சொன்னது 15. இருவரும் சேர்ந்து செய்த ரகசிய எண் என்ன? விடை அடுத்த சுவரிதழில். அதற்கு முன் கண்டுபிடித்தவர்கள் இந்தச் சார்ட்டின் மேல் எழுதாதீர்கள், என்னிடம் வந்து சொல்லுங்கள்.